அண்ணனின் பாவசங்கீர்த்தனம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்ததே இல்லை. ஊரே சாமியாரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். நான் மட்டும் முன்வரிசைக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு, பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அண்ணனைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். சாமியார் சொல்வதை என் கைகள் அவனுக்குச் சொல்லும். சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் மாதா கோயில் சின்னது. ஐம்பது குடும்பம் இருந்தால் அதிகம். ஆரம்பத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. புதிதாக வந்திருந்த சாமியார் முதல் ஞாயிறன்றே என் முக்காலியைக் கொஞ்சம் வலப்புறம் நகர்த்தி வைத்து, “இங்க உக்காரும்மா, இங்கதான் வெளிச்சம். உன் கை அவனுக்கு நல்லாத் தெரியும்” என்றார். தெற்கே கடலோர ஊர்க்காரர். அவர் ஒருவருக்குத்தான் அது தோன்றியது.

1991இல் எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணனுக்கு இருபத்தாறு. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்து எங்களை வளர்த்தாள். அண்ணனைச் சென்னையில் கன்னியர்கள் நடத்திய காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவன் புதிது புதிதாகச் சைகைகள் கொண்டுவருவான். கோழிக்கு ஒன்று, பொய்க்கு ஒன்று, கடவுளுக்கு ஒன்று. நான் அவற்றைக் கற்றுக்கொண்டேன். அவன் எனக்கு வைத்த பெயர் ஜடை. காதோரத்திலிருந்து தோள்வரை இரண்டு விரலை முறுக்கிக்கொண்டே இறக்கினால் அது நான். அம்மா கடைசிவரை ‘வா’, ‘சாப்பிடு’, ‘தூங்கு’ என்ற மூன்றைத் தாண்டவில்லை.

கற்றுக்கொள்ள அம்மாவுக்கு மனமில்லை என்பதுதான் உண்மை. சைகை கற்றுக்கொண்டால் அவன் காது திறக்காது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாள். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். எந்த மாதா கோயிலில் எண்ணெய் மந்திரித்துக் கொடுத்தாலும் வாங்கி வந்து அவன் காதில் விட்டாள். இருபது வயதுவரை அண்ணன் தலையைச் சாய்த்துக் கொடுத்தான். ஒருநாள் பாட்டிலை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, எண்ணெய் முழுவதையும் மாதா படத்தின் முன்னால் இருந்த விளக்கில் ஊற்றித் திரியை ஏற்றிவிட்டுப் போய்விட்டான். அம்மா அன்று முழுவதும் அழுதாள்.

இன்று ஒரகடத்தில் நிற்கும் கார் கம்பெனிகள் எதுவும் அப்போது வந்திருக்கவில்லை. ரோட்டோரத்தில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட சில பட்டறைகள் இருந்தன. அதில் ஒன்றில் அண்ணன் பிரஸ் மெஷின் ஓட்டினான். தகட்டை உள்ளே வைத்து, காலால் மிதித்தால், மேலிருந்து இரும்பு இறங்கி வெட்டும். ஒருநாள் அவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் போனேன். வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு மெஷின் ஒரே நேரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பார்த்தால், எல்லோரும் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் சைகைகள். தண்ணி, டீ, சூப்பர்வைசர் வர்றார், உன் வேலை நாசம் எல்லாமே. அண்ணன் ஏதோ சொல்ல, தூரத்து மெஷினில் இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணனும் சிரித்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

டீ நேரத்தில் மெஷின்கள் நின்றபோது ஒருவர் என்னிடம் சொன்னார்: “இந்த எரைச்சல்ல நாங்கதாம்மா செவுடு. உங்கண்ணன் இல்ல. அவன் இல்லாத அன்னிக்கி ஒருத்தனும் ஒருத்தங்கிட்ட பேச முடியாம ஊமை மாதிரி நின்னுக்கினு இருப்போம்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. அடியில் எங்கோ கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அவனோடு பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. அண்ணன் என்னிடம் தனக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்க வேண்டும் என்றான். பள்ளியை விட்டு வந்து எட்டு வருடமாக அவன் செய்ததே இல்லை. பள்ளியில் சைகை தெரிந்த ஒரு சாமியார் இருந்தார். எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்? எழுதிக் கொடுக்கலாம் என்றால், அவனுடைய எழுத்துத் தமிழ் தனித்தனிச் சொல்லாக நிற்கும். ஒரு சொல்லை இன்னொன்றோடு ஒட்டவைக்க அவனுக்கு யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை. நான் சாமியாரிடம் போய்க் கேட்டேன்.

அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். “மொழிபெயர்ப்பாளரை வெச்சுச் செய்யலாம். திருச்சபை அனுமதிக்குது. ஆனா தங்கச்சியா இருக்கியே, அதுதான் யோசிக்கிறேன்” என்றார். “வேற யாரும் இல்ல சாமி” என்றேன். “அப்படின்னா ஒண்ணு கேட்டுக்க. அவன் சொல்றது எனக்கு மட்டுந்தான். உன் வழியா வருது, அவ்வளவுதான். அதை நான் வெளிய சொன்னா எனக்கு எவ்வளவு பெரிய பாவமோ, உனக்கும் அதேதான். சாகுற வரைக்கும். புரியுதா?” “புரியுது சாமி” என்றேன். புரிந்துதான் சொன்னேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை.

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், பீடத்துக்குப் பின்னால் சாமியார் உடுப்பு மாற்றும் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தான். முதலில் சின்னச் சின்னப் பாவங்கள். பட்டறையில் ஒருவன் ‘ஊமையா’ என்று உதட்டை அசைத்தான், அவனை அடித்தேன். விரத வெள்ளிக்கிழமையில் இறைச்சி தின்றேன். அம்மாமேல் கோபம். அவன் கைகள் சொல்வதை ‘நான்’, ‘நான்’ என்று என் வாயால் சொல்லிக்கொண்டே வந்தேன். அவனுடைய பாவம் என் குரலில் வருவது ஏதோ மாதிரி இருந்தது.

பிறகு அவன் நிறுத்தினான். மூக்கின் ஓரத்தில் விரலை வைத்தான். மூக்குத்தி. அது அவனோடு பள்ளியில் படித்த பெண்ணின் பெயர். அவளுக்கும் காது கேட்காது. வாலாஜாபாத்தில் தையல் வேலை செய்தாள். மாதம் ஒரு ஞாயிறு அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போவது எனக்குத் தெரியும். எங்கே என்று அன்றுதான் தெரிந்தது. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், அவள் வீட்டில் பாதி சம்மதம், ஈஸ்டர் முடிந்ததும் அம்மாவிடம் சொல்வேன் என்றான். அது பாவமில்லையே என்றார் சாமியார். அண்ணன் தலையாட்டினான். பாவம் இனிமேல்தான் என்றான்.

“எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் காது கேட்கக் கூடாது என்று தினமும் ஜெபிக்கிறேன்.”

அந்த வாக்கியத்தையும் ‘நான்’ என்றே சொன்னேன். சாமியார் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, “ஏன்னு கேளு” என்றார்.

அண்ணன் மெதுவாகச் சொன்னான். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு ஏன் சிரித்தோம் என்று எனக்குச் சொல்வார்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வராது. என்னோடு சேர்ந்து அதே நேரத்தில் சிரிக்க என் வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அம்மா என் காதோடு பேசுகிறாள், என்னோடு பேசுவதில்லை. தங்கை நல்லவள். ஆனால் தங்கைக்கு நான் ஒரு வேலை. கோயிலில் வேலை, கடையில் வேலை, ஆஸ்பத்திரியில் வேலை. வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள்.

அதையும் நான்தான் சொன்னேன். “தங்கைக்கு நான் ஒரு வேலை” என்று என் வாயாலேயே சாமியாரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “இது பாவம் இல்லப்பா. தனிமை. ஆனா உன் தனிமை தீர ஒரு கொழந்தையோட காதைக் கேக்காத. கடவுள் எதைக் குடுக்குறாரோ அதுக்கு உன் பாஷையச் சொல்லிக்குடு. கேக்குற புள்ளையும் கையால பேசும். அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா, நானே கட்டிவைக்கிறேன்.”

நான் அதைக் கைகளால் சொன்னேன். அண்ணன் அழுதான். பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கோயில் முற்றத்தில் குகைபோலக் கட்டியிருந்த மாதா கெபி முன்னால் முழங்கால் போட்டான். அவன் முகம் கழுவிவிட்டதுபோல இருந்தது. நான் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் எனக்குள் ‘தங்கைக்கு நான் ஒரு வேலை’ என்ற ஒரே வாக்கியம்தான் ஓடியது.

ஈஸ்டர் முடிந்த மறுநாள். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அம்மா கூடத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்: “தாம்பரத்துலேர்ந்து உன்ன கேட்டு வந்தாங்க. ரயில்வேல வேலையாம், நல்ல எடந்தான். வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“ஏம்மா?”

“இன்னாடி ஏம்மா? நீ கட்டிக்கினு போய்ட்டா அவனுக்கு யாரு வாயி? அவன் காது தெறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்.”

என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவனுக்காக என் வாழ்க்கையை நிறுத்திவைக்கிறாள், அவனோ என்னை வேலை என்கிறான். அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

“அவனுக்கு நான் வேணாம்மா” என்று கத்தினேன். “நீயும் வேணாம். அவனுக்குப் பொண்ணு பாத்துக்கினான். அதுவும் செவுடுதான். பொறக்கற கொழந்தையும் செவுடா பொறக்கணும்னு சாமிய வேண்டிக்கினு கீறான். நீ காது கேக்கணும்னு பட்டினி கெட, அவன் அந்தப் பக்கம் கேக்கக்கூடாதுன்னு வேண்டட்டும்.”

முறம் அவள் மடியிலிருந்து சரிந்தது. “யாரு சொன்னா?” என்றாள். நான் குனிந்து சிந்திய அரிசியை அள்ளினேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் அவர்களோடு அந்த அறைக்குள் போனதை ஊரே பார்த்திருந்தது. “எந்த ஊருடி அந்தப் பொண்ணு?” என்றாள். அதையாவது நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

மறுநாள் அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வாலாஜாபாத் பஸ் ஏறினாள். அங்கே என்ன பேசினாள் என்று அவளே பிறகு என்னிடம் சொன்னாள். சண்டை போடவில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். “எம்புள்ள கொழந்த ஊமையா பொறக்கணும்னு வேண்டிக்கினு கீறான். உங்க பொண்ணு படற பாடு போதாதா? ஒரு வூட்டுல மூணு பேரும் இப்படி இருந்தா யாரு பாத்துக்குவா? பொண்ண குடுத்துடாதீங்க” என்றிருக்கிறாள். தான் செய்தது நல்லது என்றுதான் அவள் நம்பினாள். பிறக்காத ஒரு குழந்தையைக் காப்பாற்றியதாக நினைத்தாள்.

பாதி சம்மதித்திருந்த வீடு பயந்துபோனது. அந்தப் பெண்ணைச் சித்தூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதமே மனைவியை இழந்த ஒருவருக்கு, காது கேட்கிறவருக்கு, பேசி முடித்துவிட்டார்கள். அண்ணனுக்கு எதுவும் தெரியாது. அம்மாவிடம் சொல்லும் முன் அவளைப் பார்த்துவிட வழக்கமான ஞாயிறு சைக்கிளில் போனான், கதவு பூட்டியிருந்தது என்று திரும்பி வந்தான். அடுத்த ஞாயிறும் போனான்.

மே மாதக் கடைசியில் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் காக்கிச் சட்டையாக இருந்தது. ஊரே குண்டுவெடிப்பில் செத்துப்போன தலைவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அந்த வாரத்தில்தான் பட்டறை விலாசத்துக்கு அண்ணனுக்கு ஒரு கடிதம் வந்தது. சாயங்காலம் வந்தவன் நேராக என்னிடம் வந்து அதைத் தரையில் விரித்துவைத்தான். நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதியிருந்தது.

“உன் அம்மா வந்தாங்க. நீ சாமி கேட்டது சொன்னாங்க. குழந்தை காது இல்லை. அப்பா பயம். கல்யாணம் வேற. நான் அழுதேன். நீயும் நானும் அதே ஜெபம். நீ அழாதே.”

நான் படித்து முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு மூன்று விரலைக் காட்டினான். தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒரு விரலை மடக்கினான்: கடவுள். இன்னொன்றை மடக்கினான்: சாமியார். மூன்றாவது விரலை மடக்காமல், புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தான். யார்?

நான் என் மார்பைத் தொட்டேன்.

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவினான். அம்மா ‘சாப்பிடு’ என்று கையை வாயருகே கொண்டுபோனாள். சாப்பிட்டான்.

அந்த ஞாயிறு நான் வழக்கம்போல முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பூசை தொடங்கியது. நான் கைகளைத் தூக்கினேன். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தான், பிறகு கண்களை மூடிக்கொண்டான். காது கேட்கிறவர்கள் ஒருவரோடு பேசாமல் இருக்க வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். அவனுக்குக் கண்ணை மூடினால் போதும். நான் நிறுத்தவில்லை. வாசகம், நற்செய்தி, பிரசங்கம் எல்லாவற்றையும் மூடிய கண்களுக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்ததும். ஊரில் எல்லோரும் அவனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்றார்கள். அம்மா கோயில் வாசலில் ஒருத்தியிடம், “பாத்தியா, கண்ண மூடிக்கினு எப்படி ஜெபிக்கிறான் எம்புள்ள” என்று சொன்னது என் காதில் விழுந்தது.

நான் சாமியாரிடம் போய் என் பாவத்தைச் சொன்னேன். பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தார். “தப்பு எம்மேலயும் இருக்கு” என்றார். “தங்கச்சின்னு தெரிஞ்சும் உன்ன உக்கார வெச்சேன். கடவுள் உன்ன மன்னிப்பார்மா. அவன்கிட்ட மன்னிப்பை நீதான் கேக்கணும். அதை நான் வாங்கித்தர முடியாது.”

கேட்டேன். கிணற்றடியில், சமையலறையில், அவன் சைக்கிள் துடைக்கும்போது. என் கைகள் எழும்போதே அவன் இமைகள் இறங்கிவிடும். சீட்டில் எழுதித் தலையணைக்கடியில் வைத்தேன். அவன் படித்தானா என்று தெரியாது. ஆகஸ்டு மாதம் பட்டறையில் உடன் வேலை செய்த ஒருவரோடு ஓசூருக்குப் போய்விட்டான். அங்கே பெரிய கம்பெனி. அம்மாவிடம் கையசைத்துவிட்டுப் போனான். என் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் செய்துகொடுக்க அம்மாவுக்குத் தடையேதும் இருக்கவில்லை. படப்பையில் கொடுத்தாள். திருமணத்துக்கு அவன் வரவில்லை, ஒரு சேலை வந்தது.

அம்மா படுக்கையில் விழுந்தபோது அவன் ஓசூருக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. எங்கள் கொல்லைக்கு எதிரே அப்போது கம்பெனிச் சுவர் எழும்பியிருந்தது. கடைசி வாரத்தில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அவங்கிட்ட சொல்லு. அவன் காதுக்கு வேண்டிக்கறத வுட்டுட்டேன்னு சொல்லு. ரொம்ப நாளாச்சி வுட்டு. அவன் பேசற மாதிரி நாந்தான் கத்துக்கினு இருக்கணும்” என்றாள். சாகும்போது அண்ணன் பக்கத்தில் இல்லை. தகவல் கொடுத்து, அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தான்.

வேனில் வந்தான். கூட நான்கு பேர். ஓசூரில் அவனோடு இருக்கும் நண்பர்கள், எல்லோரும் காது கேளாதவர்கள். ஒருவருக்கு மட்டும் காதில் மெஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும், பேச்சும் கொஞ்சம் வரும். அண்ணனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அம்மாவின் நெற்றியைத் தொட்டு அழுதான். கல்லறையிலிருந்து திரும்பியதும் அந்த நான்கு பேரோடு வேப்பமரத்தடியில் நின்று பேசினான். நான் தள்ளி நின்று பார்த்தேன். அவன் கைகள் அத்தனை வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. தோள், புருவம், கன்னம் எல்லாம் பேசின. அம்மாவைப் பற்றித்தான் ஏதோ சொன்னான். நால்வரும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்துச் சைகைக்கு ஒன்று பிடிபட்டது. பதினான்கு வருடத்தில் அவன் மொழி எனக்கு எட்டாத தூரத்துக்கு வளர்ந்துவிட்டிருந்தது.

நான் கிட்டே போய் அம்மா சொன்னதைச் சொல்லத் தொடங்கினேன். என் பழைய சைகைகள் தடுமாறின. அவன் கண்ணை மூடவில்லை, கவனமாகத்தான் பார்த்தான். பாதியில் புரியாமல் நண்பர் பக்கம் திரும்பினான். “என்கிட்ட சொல்லுங்கக்கா, நான் சொல்றேன்” என்றார் மெஷின் வைத்தவர். என் அண்ணனிடம் பேச எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அம்மாவின் வார்த்தைகளை அவரிடம் சொன்னேன். அவர் கைகள் அதை அண்ணனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. அண்ணன் கல்லறைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு நான், “என்னை மன்னிக்கச் சொல்லுங்க” என்றேன்.

எதற்கு என்று நண்பருக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டார். அண்ணன் பதில் சொன்னான். அவர் திக்கித் திக்கி எனக்குச் சொன்னார்: “மன்னிச்சிட்டாராம். ரொம்ப வருஷம் முன்னாடியே. அங்க ஒரு சாமியார்கிட்டயும் சொல்லிட்டாராம். ஆனா…” அவர் சங்கடப்பட்டார். “ஆனா உங்க கையப் பாத்தா இன்னும் பயமா இருக்குதாம். அதனாலதான் வரலியாம்.”

எனக்கு என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டேன். அண்ணன் அதைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, ஒரு எட்டு முன்னால் வந்தான். சைகை தெரியாதவர்களிடம் பேசுவதுபோல, மிக மெதுவாக, ஒவ்வொன்றாக, பெரிது பெரிதாகக் கையை அசைத்துக் கேட்டான்: நல்லா இருக்கியா? பிள்ளைகள் எத்தனை?

நான் கையை வெளியே எடுத்தேன். இரண்டு, என்று காட்டினேன். பையன் ஒன்று, பெண் ஒன்று.